வெளியே போகும்போது போடும் பல்

தெருவில் எல்லோருக்கும் அவள் பீங்கான் அக்கா. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிடம் தலையைச் சொறிவார். பீங்கான் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முகப்பரு கூடப் போகவில்லை. வேலையை விட்டு வந்தபோது தலை முழுக்க வெள்ளை. இடைப்பட்ட காலமெல்லாம் தட்டு, கோப்பை, கிண்ணம், கெட்டில்தான். ஒரு கோப்பையை உள்ளங்கையில் வைத்து விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். கணீரென்று கேட்டால் நல்ல கோப்பை. மொட்டையாக ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடியிருக்கிறது, விற்பனைக்கு ஆகாது. அப்படி ஆகாததையெல்லாம் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது கடை வழக்கம்.

அதனால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் புழங்கியதெல்லாம் மூளிதான். விளிம்பு போன தட்டு, காது உடைந்த கோப்பை, மூடி பொருந்தாத கெட்டில். நல்லதும் இருந்தது, இல்லாமல் இல்லை. முழுசாக ஒரு செட் கண்ணாடி அலமாரியில் கொலு வீற்றிருந்தது. அது வருகிறவர்களுக்கு. வீட்டு ஆட்களுக்கு மூளி, வெளியாட்களுக்கு முழுசு. அக்காவைக் கஞ்சம் என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிப்போகும்; கேட்டவர்களுக்குக் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிற மனசு அவளுக்கு. நல்ல பொருளை நாமே புழங்கலாம் என்பது மட்டும் அவள் புத்தியில் கடைசிவரை ஏறவில்லை.

வீட்டு ஆள் என்று இருந்தது தங்கை ஒருத்திதான். கட்டிக்கொண்டு போன மனுஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் பண்ணாத அக்காவிடம் வந்தவள். வந்தவள் வந்தவள்தான். ஹோட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. அந்த வேலையில் தோளும் கையும் உரமேறி, இவள் ஆண்பிள்ளை மாதிரி இருப்பாள். அக்கா ஊதினால் பறக்கிற மாதிரி இருப்பாள். காலையில் தேநீர் குடிக்கும்போது கோப்பையின் உடைந்த பக்கத்தை உதட்டில் படாதபடி எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வது தங்கைக்குக் கையோடு வந்த பழக்கம். ஹோட்டலில் நல்ல கோப்பையில் குடிக்கும்போதும் திருப்புவாள். கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்காவுக்கு வந்தது, அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. கிராம்பை வைத்து அடக்கினாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்று சொல்லலாம் என்றால், கடிக்கவும் பல் ஒழுங்காக இல்லை. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாய்ப் போனபோது யாருக்கும் தெரியவில்லை. முன்பல் போனபோதுதான் ஊருக்கே தெரிந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் பேசினாள். கோப்பையைச் சுண்ட ஒரு கை, வாயை மூட ஒரு கை என்றால் கோப்பையைப் பிடிக்க ஏது கை? முதலாளி நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். “நீங்க இனிமே உள்ள பேக்கிங் பாத்துக்கங்க, நின்னு நின்னு கால் வலிக்குமே” என்றார். அக்காவுக்குக் கால் வலித்ததே கிடையாது. கடையின் முகமாக இருந்தவள் அன்றிலிருந்து பின்கட்டில் வைக்கோலும் பழைய பேப்பரும் சுற்றினாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் தங்கைக்குத் தெரியும். அந்த முதலாளி மேல் தங்கைக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

வேலையை விட்ட பிறகு மிச்சமிருந்த பற்களைப் பிடுங்கிவிட்டுப் பல்செட் போட்டார்கள். அடேயப்பா, என்ன அழகு! கண்ணாடி முன்னால் நின்று அக்கா அதை நகத்தால் சுண்டிப் பார்த்தாள். “கீறல் இல்லடி” என்றாள். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அக்கா முதன்முதலாகப் போன இடம் எது தெரியுமா? பீங்கான் கடைதான். ஒன்றும் வாங்கவில்லை. முதலாளியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள், நலம் விசாரித்தாள், வந்துவிட்டாள்.

வந்ததும் கழற்றினாள். கடையில் கொடுத்த ஸ்பூன் பெட்டி ஒன்று இருந்தது, உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்தது. ஸ்பூன்களை எடுத்துவிட்டு அதில் பல்செட்டைப் படுக்க வைத்து, மூடி, கண்ணாடி அலமாரியில் நல்ல கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கழற்றினால் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்களே என்று தங்கை ஞாபகப்படுத்தினாள். நல்ல பொருளை யாராவது ஊறப்போடுவார்களா என்று அக்கா அந்தப் பேச்சை அதோடு முடித்தாள். சாப்பிடும்போதாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தங்கை கேட்டதற்கு இந்தப் பதில் வந்தது.

“வீட்ல எதுக்குடி தேய விடணும்? இங்க யாரு இருக்கா பாக்கறதுக்கு?”

நான் என்ன சுவரா என்று தங்கை மனசுக்குள் கேட்டாள். வாயால் கேட்கவில்லை. மூளிக் கோப்பையில் இத்தனை வருஷம் குடித்தவளுக்கு இதைப் போய் ஒரு குறையாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொக்கை வாயோடு அக்கா சிரிக்கும்போது ஒரு குழந்தைத்தனம் இருந்தது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. உலகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் தான் ஒருத்திதான் என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

ஆகவே தங்கை என்ன செய்தாள்? அக்காவுக்கென்று எல்லாவற்றையும் குழைத்தாள். சோற்றைக் கஞ்சியாக்கினாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஓரத்தைக் கிள்ளி எடுத்தாள். உருளைக்கிழங்கை மசித்தாள், வாழைப்பழத்தை ஸ்பூனால் கூழாக்கினாள். இறைச்சி, கடலை, ஆப்பிள், பச்சைக் காய் எதுவும் அக்கா பக்கம் போகாது. “எங்க அக்காவுக்கு நான் நோகாம குடுக்கறேன்” என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கூடப்பிறந்தவள் என்றால் இவள்தான் என்று அவர்களும் புகழ்வார்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பழமொழி இருக்கிறது. அந்த வீட்டில் நொறுங்கும்படியான பொருள் அக்காவின் தட்டில் விழவே இல்லை.

மனுஷி உருகியது ஒரே நாளில் தெரியவில்லை. முதலில் மோதிரம் கழன்று விழுந்தது. பிறகு கெட்டிலைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. மூன்று மாடி இறங்கி ஏறுவது முன்பெல்லாம் ஒரு மூச்சு. இப்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று, பக்கத்து வீட்டுக் கதவுகளை ரசிப்பது மாதிரி பாவனை. அப்புறம் இறங்குவதே இல்லை. இறங்காதவளுக்கு வெளியே போக வேலை ஏது? வெளியே போகாதவளுக்குப் பல் எதற்கு? வெல்வெட் பெட்டி திறக்கப்படவே இல்லை. மெல்லாததால் தெம்பு போயிற்று, தெம்பு போனதால் வெளியே போவது போயிற்று, வெளியே போகாததால் பல்லே வெளியே வரவில்லை. வயசானால் இப்படித்தான் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். வயசு பாவம், எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டால் அது எதிர்த்துப் பேசவா போகிறது.

ஒருநாள் சாயங்காலம் மழைக்காற்று அடித்தது. ஜன்னலைச் சாத்தலாம் என்று அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்தாள் என்பதுகூடச் சரியில்லை, பாதி எழுந்தாள். தொடை தாங்கவில்லை. தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் தரையில் கிடந்தாள். மணிக்கட்டில் ஒரு விரிசல், இடுப்பில் ரத்தக்கட்டு. பெரிய எலும்பு எதுவும் முறியவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. விழுந்தது பெரிதில்லை, எழுந்து நிற்கத் தசை இல்லை, அதுதான் பெரிது என்றார். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். தங்கை பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்: கஞ்சி, பாலில் ஊறின ரொட்டி, மசித்த கிழங்கு, கூழாக்கின பழம், கெட்டியாக ஒன்றுமே கொடுப்பதில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். உடம்புக்குப் பிடிப்பாக ஒன்றும் போகவில்லை. இந்தச் சாப்பாட்டில் வயிறு நிறையும், தசை நிற்காது. அது ஒரு நாளில் வந்த பலவீனம் இல்லை, வருஷக்கணக்காகக் கரைந்திருக்கிறது என்றார்.

தங்கைக்கு வராந்தாப் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. தன் கையால், ஸ்பூன் ஸ்பூனாக, ஊதி ஊதிக் கொடுத்தது அத்தனையும் அக்காவைக் கரைத்துவிட்டதா? ஐயோ, நோகாமல் கொடுக்கிறேன் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டாள்! அழுகை வந்தது. அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். அக்கா யாரும் பிடிக்காமல் எழுந்து நின்று, கைப்பிடியைப் பிடித்தாவது படி ஏறிவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதற்குக் குறைந்து அனுப்ப முடியாது. ஏற முடியாவிட்டால் முதியோர் இல்லம்தான். அவர்கள் போனபின் அக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னைய எப்படியாவது நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுடி.”

தங்கை அன்றே வீட்டுக்கு ஓடி ஸ்பூன் பெட்டியை எடுத்துவந்தாள். இனி முட்டை, கோழி, கடலை எல்லாம் மெல்ல வேண்டுமே. பல் டாக்டர் ஒரு சின்னப் பெண், கலகலப்பானவள். பெட்டியைத் திறந்ததும், “இது நகைன்னு நெனச்சேன் பாட்டி” என்று சிரித்தாள். பல்செட்டை வாயில் வைத்துப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மேலே வைத்தால் கீழே விழுகிறது, கீழே வைத்தால் ஒரு பக்கம் ஆடுகிறது. உலர்ந்து கிடந்ததில் பல்செட் நெளிந்துவிட்டதாம். சும்மா கிடந்ததில் ஈறும் வற்றிவிட்டதாம். பார்வைக்குப் பல் அன்றைக்குச் செய்த மாதிரியே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய வாய்தான் மாறிப்போயிருந்தது.

மறுபடி அச்செடுத்து, அடிப்பாகத்தை மாற்றி, ஒட்டித் தேய்த்து அது கைக்கு வருவதற்குள் நாள் ஓடியது. அந்த நாளெல்லாம் படுக்கையில் கிடந்த உடம்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. வந்த பிறகும் சும்மாவா விட்டது? ஈறு புண்ணாயிற்று. முதல் துண்டு கோழியை அக்கா வாயில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டினாள்; வாய்க்கு மெல்லுவதே மறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. “துப்பிடு அக்கா” என்று தங்கை கையை நீட்டினாள். அக்கா துப்பவில்லை. தலையை ஆட்டிவிட்டு மென்றாள். பக்கத்துக் கட்டில்காரி சாப்பிட்டு, கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தாள். அக்கா அந்த ஒரு துண்டை அப்போதுதான் விழுங்கியிருந்தாள். விழுங்கிவிட்டு, ஏதோ கடையில் பெரிய செட் ஒன்றை விற்றுவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு தங்கைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேகவைத்த முட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி டப்பாவில் எடுத்து வருவாள். சாப்பிட்டு முடித்ததும் பிசியோக்காரர் வந்து எழுப்பி நிறுத்துவார். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள், நாற்காலியைப் பிடித்து நின்றாள், ஒருநாள் கம்பியை விட்டுவிட்டும் நின்றாள். வார்டே கை தட்டியது. தங்கை வீட்டுக்குப் போய் அக்காவின் படுக்கைக்கு வெயில் காட்டினாள், மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் வருகிறாள் வருகிறாள் என்று சொன்னாள்.

பயிற்சி அறையில் மரத்தால் செய்த படிக்கட்டு ஒன்று இருந்தது. ஏறினால் எங்கேயும் போகாத படிக்கட்டு. நாலு படி, மேலே ஒரு மேடை, அவ்வளவுதான். அன்றைக்கு அக்கா தலை வாரிக்கொண்டு, பல்செட்டைப் போட்டுக்கொண்டு போனாள். நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்து முதல் படி ஏறினாள். இரண்டாவதிலும் காலை வைத்தாள். உடம்பைத் தூக்க வேண்டிய இடத்தில் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. முகம் வெளுத்தது. பிசியோக்காரர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். கொஞ்சம் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள். வேறொரு நாளும் பார்த்தார்கள். இரண்டாம் படியைத் தாண்டவில்லை. இன்னும் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் என்று பிசியோக்காரர் ஏதோ சொல்லத் தொடங்கி, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் குடும்பங்களோடு பேசுவதற்கென்றே ஒரு அம்மாள் இருந்தார். அவர் அறையில் தங்கை மல்லுக்கு நின்றாள். ஈரவிரிப்பு மூட்டை தூக்கின தோள் இது, நானே சுமந்து ஏற்றிவிடுவேன் என்றாள். சும்மா சொல்லவில்லை. அந்த அறை வாசலிலேயே சக்கர நாற்காலியில் இருந்த அக்காவைக் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக் காட்டினாள். அவளுக்கே வயசு அறுபத்தெட்டு. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “இறக்குடி, நீயும் விழப்போற” என்றாள். தங்கையின் கை நடுங்கவில்லை. அக்கா அவ்வளவு லேசாக இருந்தாள். அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. தூக்க முடியாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த அம்மாள் எழுந்து வந்து உதவி செய்து அக்காவை உட்கார வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க ஏத்திடுவீங்கம்மா. நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, அவங்கள யாரு இறக்குவாங்க?”

அக்காதான் பேசினாள். சரி, அங்கேயே போகிறேன் என்றாள். தங்கையைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்து, கடை வாசலில் நின்று சொல்வது மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

முதியோர் இல்லம் மோசமான இடம் இல்லை. சுத்தமாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது, வேலை செய்கிற பெண்கள் அன்பாகப் பேசினார்கள். ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தங்கை காலை வேலைகளை முடித்துக் கிளம்பினால், பார்வையாளர் நேரம் தொடங்கும்போது போய்ச் சேருவாள். போகிற போதெல்லாம் அக்கா முகம் கழுவி, தலை வாரி, பல்செட்டோடு உட்கார்ந்திருப்பாள். பரவாயில்லை, பல்லை விடாமல் போடுகிறாள், நன்றாக மென்று சாப்பிடுகிறாள், உடம்பு தேறினால் மறுபடி ஒரு தடவை படிக்கட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தங்கை மனசுக்குள் ஒரு கோட்டையே கட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் மட்டும் ஏன் இன்னும் ஒட்டிக்கொண்டே போகிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே மாதிரிக் கூழ். அக்கா பொக்கை வாயோடு அதை வழித்துக்கொண்டிருந்தாள். தங்கை வாசலிலேயே நின்றாள். வேலை செய்கிற பெண்ணைத் தனியே கூப்பிட்டு, பல் எங்கே, ஏன் எல்லாவற்றையும் கூழாக்கிக் கொடுக்கிறீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டாள். அந்தப் பெண் பாவம், பதறிப்போனாள். கெட்டியாகவும் கொடுத்துத்தான் பார்த்தார்களாம். பாட்டிதான் கூழே போதும் என்று சொல்லிவிட்டாராம். பல்லைக் காலையிலிருந்து தண்ணீரில்தான் வைத்திருப்பாராம்.

“உங்க நேரம் வர்றப்ப மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க. எங்க தங்கச்சி வர்றா, குடுன்னு அவசரப்படுத்துவாங்க.”

தங்கை அறைக்குப் போனபோது அக்கா அதற்குள் வந்து, பல்லைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். வாய் நிறையச் சிரித்தாள். கடைக்காரச் சிரிப்பு, முதலாளிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்த சிரிப்பு. வா, உட்கார், பஸ்ஸில் கூட்டமா, வெயிலா என்று விசாரித்தாள். முப்பது வருஷம் பக்கத்துப் படுக்கையில் படுத்தவளிடம் யாராவது வெயிலா என்று கேட்பார்களா?

“சாப்பிடறப்ப போட்டுக்கோ அக்கா. நான் வர்றப்ப கழட்டிடு.”

அக்கா சிரிப்பை மாற்றாமல், அவள் மடியில் இருந்த பையை வாங்கிக் கட்டிலில் வைத்தாள்.

“நல்லா இருக்குமாடி அது? வெளியில இருந்து எனக்குன்னு வர்றது நீ ஒருத்திதானே.”

தங்கை வருகிறவர்களுக்கென்று கட்டிலோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா வாயைத் திறந்து ஏதோ ஆறுதல் சொன்னாள், ஒரு எழுத்து வழுக்காமல், தெளிவாக.